நாற்பது ஸ்பீக்கர்களும் ஒரு காதும்

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவர் டெஸ்டிங். ஒலிபெருக்கி வாடகைக் கடையில் இருபத்தைந்து வருடம். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ பள்ளி ஆண்டு விழாவோ, மைக்கில் முதலில் கேட்கும் குரல் அவருடையதுதான். "டெஸ்டிங், டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்கு என்று ஒரு எண் இருப்பதே இவனுக்குத் தெரியாது என்று கடை முதலாளி கேலி செய்வார்.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் கறுப்பு டேப் சுருளும் எப்போதும் இருக்கும். வேலையில் படு சுத்தம். அவர் இழுத்துவிட்ட வயரில் இதுவரை யாரும் தடுக்கி விழுந்ததில்லை. மேடையில் பேசுகிறவர் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கத்தினாலும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது வலிக்காது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் பேச்சாளரைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். டெஸ்டிங் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. முந்தின நாள் குளித்த தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தார். தண்ணீரும் வரவில்லை, பஞ்சும் போகவில்லை. போதாதற்கு உள்ளே ஒரு விசில், நீளமாக, மூச்சு விடாமல். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம் போன் வந்தபோது இடது காதில் வைத்தார். சத்தமே இல்லை. வலது காதுக்கு மாற்றினார். அங்கே முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. சோம்பல் இல்லை, பயம். ஒரு காது போனால் பின்னாலேயே மறு காதும் போய்விடும் என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. டாக்டர் அதையே வாயைத் திறந்து சொல்லிவிட்டால்? சொல்லாத வரைக்கும் நடக்காது என்று தனக்குத் தானே ஒரு சமாதானம். இன்னொன்று, சவுண்டுக்காரனுக்குக் காது கேட்காது என்று வெளியே தெரிந்தால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? காதும் காதும் வைத்த மாதிரி என்பார்கள். டெஸ்டிங் ஒரே ஒரு காதை வைத்துக்கொண்டு ரகசியத்தைக் காப்பாற்றினார்.

அதற்கென்று ஆயிரம் தந்திரம் பழகிக்கொண்டார். யாரோடு நின்றாலும் அவர்களுக்கு இடப்பக்கம் போய் நின்றுகொள்வார். பஸ்ஸில் இடது ஜன்னல் ஓரம்தான் உட்காருவார், பேசுகிறவர்கள் வலப்பக்கம் வரட்டும் என்று. ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்டுவிட்டு, தலை அரிப்பது போல் அதைத் திருப்பி மாட்டி மறுபக்கத்தையும் வலது காதிலேயே கேட்டுவிடுவார். ஸ்பீக்கர் பெட்டி வேலை செய்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் ஏறி இறங்கும் பச்சை விளக்குகள் அவருக்கு எழுத்துப் படிப்பது மாதிரி ஆகிவிட்டன. வேலையில் ஒரு குறை வரவில்லை. யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

வீட்டில்தான் கணக்கு தப்பியது. அவர் மனைவி துணி ஆலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நாள் முழுக்க வாயைத் திறக்க முடியாத இடம். அதனால் வீட்டுக்கு வந்ததும் திறந்தாளானால் கமா போடுவாள், முற்றுப்புள்ளி வைக்க மாட்டாள். கல்யாணமான நாள் முதல் அவருக்கு இடப்பக்கம் நடப்பாள், இடப்பக்கம் படுப்பாள். திடீரென்று பக்கம் மாற்றினால் ஏன் என்று கேட்பாளே என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். அவரும் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவர். நல்ல காது தலையணைக்குள், கெட்ட காது மனைவிக்கு. அவள் சொன்னது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"உங்கப்பா ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுற ஆளு" என்று மகளிடம் ஒரு நாள் சொன்னாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துவிட்டதோ என்று முகத்தை முகத்தைப் பார்த்தார். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சுக் குறைந்தது. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்", "பொண்ணு ஸ்கூல்ல கையெழுத்துக் கேக்குறாங்க", இவ்வளவுதான். அவருக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவர் அதில் நிம்மதிகூட அடைந்தார். பேச்சு குறைந்தால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. பின்னால் அதை நினைத்து அவர் வெட்கப்பட்டார். அது பின்னால்.

காது போன நாலாவது வருடம் முதலாளி ஒரு புதுமையான வேலையைப் பிடித்து வந்தார். ஊருக்கு நடுவே மூடிக் கிடந்த பழைய உள்ளரங்க நீச்சல் குளம். தண்ணீர் இல்லாமல் பத்து வருடமாக வெள்ளை ஓடு பதித்த பெரிய பள்ளமாகக் கிடந்தது. அதில் இசையமைக்கிற அம்மா ஒருவர் கூட்டுக்குரல் கூடம் ஒன்று அமைக்கப் போகிறார் என்றார்கள். குளத்தின் கரையைச் சுற்றி நாற்பது ஸ்பீக்கர். நடுவில் மேலிருந்து தொங்கும் ஐந்து மைக். ஊர்க்காரர்கள் ஐம்பது பேரின் குரலைப் பதிவு செய்து செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்குவார்கள். பிறகு பார்க்க வருகிறவர்கள் குளத்துக்குள் இறங்கி மைக்கில் முனகினால், ஓர் 'ஆ' இழுத்தால், மெஷின் அந்தக் குரலைப் பிடித்து, மற்ற ஐம்பது குரல்களையும் அதற்குத் துணையாகப் பாட வைக்கும். யார் வந்து என்ன முனகுகிறார்களோ அதைப் பொறுத்துப் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும்.

"அப்ப பாடகருங்க யாரும் வர மாட்டாங்களா மேடம்?" என்று டெஸ்டிங் கேட்டார்.

"வர்றவங்க எல்லாரும் பாடகருங்கதாண்ணே" என்றார் அந்த அம்மா. ஐம்பது வயது இருக்கும். காலில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஓடு மேல் வழுக்கி வழுக்கி நடப்பார். மெஷினைப் பார்த்துக்கொள்ள அவரோடு ஒரு தாடிக்காரர் வந்திருந்தார். குளத்தின் ஆழமான முனையில் மேஜை போட்டு, இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் டீயைக் குளிர வைத்துக் குடிக்கிற மனிதர்.

முதல் வாரம் முழுக்க எதிரொலியோடு சண்டை. ஓடு பதித்த பள்ளத்தில் தும்மினால் ஆறு தும்மல் கேட்டது. கம்பளிப் படுதாக்களை வாங்கி வரச் சொல்லி, சுவர் ஓரமெல்லாம் டெஸ்டிங் கட்டித் தொங்கவிட்டார். இரண்டாவது வாரம் பெட்டிகளை ஏற்றினார். மூன்றாவது வாரம் ஊர்க்காரர்கள் குரல் கொடுக்க வந்தார்கள். தபால்காரர் வந்தார், பல் டாக்டர் வந்தார், மூக்கடைப்போடு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். அந்த வரிசையில் பதினெட்டாவது ஆளாகத் தன் மனைவி படி இறங்கி வருவதைப் பார்த்து, டெஸ்டிங் ஏணியில் நின்றபடியே மலைத்துப்போனார்.

"நீ எங்க இங்க?"

"ஆலையில நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. பேரு குடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "சொன்னா மட்டும்?" என்றுவிட்டு மைக் முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஓர் 'ஆ' எடுத்தாள். தாழ்வாகத் தொடங்கி, அவசரப்படாமல் மேலே போய், அங்கேயே கொஞ்சம் நின்றது. தாடிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று கட்டியவருக்கே அன்றுதான் தெரிந்தது.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தபோது ஒரு சிக்கல் வந்தது. வடக்கு மூலையில் மட்டும் குரல்கள் ஓட்டை விழுந்த மாதிரிக் கேட்டன. கனமான ஆண் குரல்கள் அந்தப் பக்கம் வந்தால் சதை வற்றி எலும்பாகிவிடும். தாடிக்காரர் அரை நாள் கம்ப்யூட்டரைக் குடைந்தார். எல்லாம் சரியாக இருப்பதாகவே அது சாதித்தது. இசையம்மா அந்த மூலையில் போய்ப் போய் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

டெஸ்டிங் ஒவ்வொரு பெட்டியாக உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனார். பன்னிரண்டாம் பெட்டியில் கை நின்றது. அது அதிர்ந்தது, ஆனால் பக்கத்துப் பெட்டியோடு சேர்ந்து அதிரவில்லை. வலையைக் கழற்றினார், வயரைப் பிரித்தார், ஒரு சின்ன பேட்டரியை அதன் முனையில் தொட்டு எடுத்தார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே தள்ளுவதற்குப் பதில் உள்ளே இழுத்தது.

"பெட்டிக்குள்ள வயரு மாறியிருக்கு மேடம். பதினொண்ணு வெளிய தள்ளுறப்போ பன்னெண்டு உள்ள இழுக்குது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு முழுங்கிடுது."

வயரை மாற்றிப் போட்டதும் மூலை நிமிர்ந்தது. ஆண் குரல்கள் சதையோடு வந்தன. இசையம்மா கை தட்டினார். "உங்களுக்குப் பாம்புக் காதுண்ணே! கம்ப்யூட்டருக்கே கேக்காதது உங்களுக்குக் கேட்டிருக்கு!"

டெஸ்டிங் சிரித்து வைத்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை, கைதான் சொன்னது என்று எப்படிச் சொல்வார்? அந்தப் பாராட்டுதான் மறுநாள் அவர் கழுத்தைப் பிடித்தது.

மறுநாள் மதியம், குரல் கொடுத்தவர்கள் எல்லோரும் முழு ஒத்திகைக்கு வந்து படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியும் இருந்தாள். இசையம்மா குளத்தின் நடுவில் நின்று சொன்னார். "மெஷின் ஒரு குரலை எந்த இடத்துல வைக்குதோ, மனுஷக் காதுக்கும் அங்கயேதான் கேக்குதான்னு பாக்கணும். ஓரத்துலேருந்து அது சரியாத் தெரியாது. யாராவது ஒருத்தர் இங்க நடுவுல கண்ண மூடிட்டு நிக்கணும். குரல் வர்ற பக்கம் கை காட்டணும். இந்த வேலைக்கு நம்ம பாம்புக் காது அண்ணனை விட்டா ஆளு யாரு?"

"எனக்கு கேபிள் வேல இருக்கு மேடம்."

"அஞ்சே நிமிஷம்ணே!"

படிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். தபால்காரர் விசில் அடித்தார். தப்பிக்க வழியே இல்லை. டெஸ்டிங் நடுவில் போய் நின்று கண்ணை மூடினார்.

முதல் குரல் வந்தது. வலப்பக்கம் கை காட்டினார். இரண்டாவது வந்தது, அதுவும் வலப்பக்கம். மூன்றாவது, நான்காவது, எல்லாம் வலப்பக்கம். அவருக்கு உலகமே நாலு வருடமாக வலப்பக்கத்தில்தான் இருந்தது. படிகளில் யாரோ சிரித்தார்கள். "அண்ணன் கிண்டல் பண்றாரு!" சிரிப்பு பரவியது. பத்தாவது குரலுக்கும் அவர் கை அதே பக்கம் நீண்டபோது சிரிப்பு தானாக நின்றது.

அவர் கண்ணைத் திறந்தார். மேஜையில் தாடிக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் தப்பா வைக்குது" என்றார். முகம் வெளுத்திருந்தது. "எல்லாத்தையும் ஒரே பக்கம் தள்ளுது போல. நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். முதல்லேருந்து திரும்பப் பழக்கணும். மேடம், சனிக்கிழமை திறக்க முடியாது."

இசையம்மா அப்படியே ஓடு மேல் உட்கார்ந்துவிட்டார்.

டெஸ்டிங்குக்கு ஒன்று விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி மெஷின் மேல் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இதுவரைக்கும் அப்படித்தானே ஓட்டினார்?

அப்போது படிகளில் இருந்த எல்லோரும் அவருக்கு இடப்பக்கம் பார்ப்பது தெரிந்தது. திரும்பினார். மனைவி ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள், தெரியவில்லை.

"மூணு தடவ கூப்பிட்டேன்" என்றாள். இப்போது எதிரெதிரே நின்றதால் கேட்டது. ஆனால் கூட்டத்தைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு என்பது போல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டெஸ்டிங் மேஜைப் பக்கம் திரும்பினார். தலைக்கு மேல் தொங்கிய மைக் அணைக்கப்படாமல் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அதனால் அவர் சொன்னது நாற்பது பெட்டியிலும் கேட்டது.

"மெஷின் மேல தப்பில்லைங்க. எனக்கு இடது காது கேக்காது. நாலு வருஷமாச்சு."

மெஷின் தன் கடமையைச் செய்தது. அந்தக் குரலைப் பிடித்து, ஐம்பது பேரின் 'ஆ'வை அதற்குக் கீழே மெதுவாக விரித்தது. தாடிக்காரர் பாய்ந்து அதை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா!" என்றார். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்து எழுந்து நின்றார். "ஐயோ, சாரிண்ணா. உங்க காதுக்காக இல்ல, மெஷினுக்காகச் சொன்னேன்."

முதலில் சிரித்தவர் டெஸ்டிங். அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர வர. மற்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டின் கடைசியில் அவரை உட்கார வைத்தாள்.

"அப்ப நான் பேசுறதெல்லாம் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இந்தப் பக்கம் இருந்தா கேக்கும். நீ எப்பவும் அந்தப் பக்கம்தானே?"

"மார்க்கெட்லேருந்து வர்றப்போ கேட்டேனே. எங்கம்மாவுக்குக் கால் முடியல, நம்ம வீட்டுல கொண்டாந்து வெச்சுக்கலாமான்னு. நீங்க பதிலே சொல்லாம ரோட்டப் பாத்து நடந்தீங்களே!"

"எப்ப கேட்ட?"

"ரெண்டு வருஷம் ஆச்சு." அவள் குரல் உடைந்தது. "மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. வேணாம்னுகூடச் சொல்ல மனசில்லாத மனுஷன்னு நெனச்சேன். அண்ணன் வந்து அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அன்னையிலேருந்து உங்ககிட்ட எதையும் கேக்குறதில்லன்னு முடிவு பண்ணேன்."

"சத்தியமா எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லுவேன்?"

"காதுதான் கேக்கலையா?" என்றாள் அவள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "காதுதானா? நான் உங்களுக்கு என்னையே பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்." அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இதச் சொல்றதுக்கு நாலு வருஷமா உங்களுக்கு?"

அவர் தன் பயத்தைச் சொன்னார். வலதும் போய்விடுமோ என்று ஒவ்வொரு நாள் காலையிலும் கண் விழித்ததும் விரலைச் சொடுக்கிப் பார்ப்பதைச் சொன்னார். அவள் பேச்சைக் குறைத்தபோது உள்ளூர நிம்மதி அடைந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு இன்னொரு அடி விழுந்தது, முன்னதைவிட மெதுவாக.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "நான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

முதலாளிக்குச் செய்தி அவர் சொல்வதற்கு முன்பே போய்விட்டது. தபால்காரர் வேலை. அன்று சாயங்காலம் டெஸ்டிங் கடைக்குள் நுழைந்தார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு வருஷமா ஒத்தக் காத வெச்சுக்கிட்டா எல்லா மேடையும் செட் பண்ண?"

"ஆமாங்க."

"எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நான் போன மாசம் செட் பண்ண மேடையில மைக் ஊளையிட்டு, வந்தவங்க எந்திரிச்சு ஓடினாங்க." முதலாளி சற்று நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "உன்ன நிறுத்திட்டு நான் யார வெச்சு கடை நடத்துறது? போய் வேலயப் பாரு. இனிமே போன்ல நான் கத்துறது கேக்கலன்னா மட்டும் சொல்லிடு, தொண்ட மிச்சம்."

வெள்ளிக்கிழமை காலையில் இசையம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். பரிதாபப்படப் போகிறார் என்று டெஸ்டிங் உடம்பை இறுக்கிக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்குப் பரிதாபப்பட நேரமில்லை. மறுநாள் திறப்பு.

"அண்ணே, நேத்து நடுவுல நின்னீங்களே, உங்களுக்கு இந்தப் பாட்டு எப்படிக் கேட்டுச்சு? மழுப்பாம சொல்லுங்க."

"பாதி ஊரு லீவு போட்ட மாதிரி மேடம்."

"பெட்டியெல்லாம் சரி பாத்துக்கிட்டு நடப்பீங்களே, அப்ப?"

டெஸ்டிங் யோசித்தார். "நின்னா ஒரே செவுரு மாதிரி இருக்கும். நடந்தா அப்படியில்ல. கரையோரமா போனா ஒவ்வொருத்தரா பக்கத்துல வந்துட்டுப் போறாங்க. அந்த பல் டாக்டர் குரல் கிட்ட வரும், அப்புறம் டீச்சரு வருவாங்க. அது நல்லா இருக்கும்."

இசையம்மா குளத்தின் நடுவே வட்டமாகப் போட்டிருந்த முப்பது நாற்காலிகளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு தாடிக்காரரைக் கூப்பிட்டு, "நாற்காலி எல்லாத்தையும் எடுத்துடலாம். யாரும் உக்கார வேண்டாம். நடக்கட்டும்" என்றார். ஐந்து மைக்கும் நடுவிலிருந்து பிரிந்து குளத்தின் ஐந்து பக்கங்களுக்குப் போயின. கயிறு மாற்றிக் கட்டி முடிப்பதற்குள் டெஸ்டிங்கின் உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஜனங்கள் குளத்துக்குள் இறங்கினார்கள். முதல் கால் மணி நேரம் யாருக்கும் வாய் வரவில்லை. அடுத்தவர் தொடங்கட்டும் என்று எல்லோரும் படுதாவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் இடுப்புப் பிள்ளை ஒன்று மைக்கைப் பார்த்து "ங்கா" என்றது. நாற்பது பெட்டியும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பாடின. பிள்ளை மிரண்டு, பிறகு பலமாகச் சிரித்து, மறுபடியும் "ங்கா" என்றது. அதற்குப் பிறகு ஜனங்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கண்ணை மூடி ஓர் 'ஓ' இழுத்தார். பெட்டிகள் பதில் சொன்னதும் அவர் தோள் இறங்கியது. ஒரே இடத்தில் நின்றவர்கள் குறைவு. எல்லோரும் சுற்றினார்கள்.

டெஸ்டிங்கின் மகளும் வந்திருந்தாள். அம்மாவிடம் விஷயத்தை முன்பே கேட்டுவிட்டாள். வந்தவள் நேராக அவருடைய வலப்பக்கம் வந்து கையைக் கோத்துக்கொண்டு, "அதான் டிவி சத்தத்த அவ்ளோ ஏத்துவீங்களா? நான் உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்ப்பா" என்றாள்.

"வயசும் ஆயிடுச்சு" என்றார் அவர்.

அன்று நன்றாகத்தான் போனது. ஆனால் மனதின் அடியில் திங்கட்கிழமை கல்லாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் சின்னக் கண்ணாடி அறை ஒன்றில் அவரை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதில் ஒவ்வொன்றாக வந்தது. பெரியதாக, சின்னதாக, கொசு ரீங்காரத்தைவிட மெல்லியதாக. அழுத்திக்கொண்டே இருந்தார். இடது காதுக்கு மாற்றினார்கள். பட்டனைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

காது டாக்டர் நடுத்தர வயதுப் பெண். காகிதத்தில் இருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு நேரடியாகச் சொன்னார். "இடது காது இனிமே திரும்பாது. நரம்பு போயிடுச்சு. அப்பவே, முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்து முயற்சி பண்ணியிருக்கலாம். அது போச்சு."

டெஸ்டிங் தலையசைத்தார். அது அவருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் 'வந்திருந்தா' என்ற அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது.

"வலது காது உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. இது போனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணு போனா இன்னொண்ணும் போகும்னு யாராவது சொல்லியிருந்தா மறந்துடுங்க. பெரிய சத்தத்துல வேல பாக்குறப்போ காதுக்கு அடைப்பான் போடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்."

டெஸ்டிங் முன்னால் குனிந்தார். "என்ன சொன்னீங்க டாக்டர்?"

டாக்டர் குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி மறுபடியும் சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

டாக்டர் குழம்பிப்போய்க் காகிதத்தை மீண்டும் பார்த்தார். மனைவிதான் குறுக்கே வந்தாள். "கேக்காம கேக்கல டாக்டர். இன்னொரு தடவ கேக்கணும்னு கேக்குறாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். மூன்றாவது முறையும் பொறுமையாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் டெஸ்டிங்குக்கு அகோரப் பசி. ஆஸ்பத்திரி எதிரில் இருந்த கடையில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார். மனைவி அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அங்கேயே தன் அண்ணனுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட மாமியார் போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார்.

"மாப்ள, உங்களத் தப்பா நெனச்சுட்டேன். ரெண்டு வருஷமா திட்டியிருக்கேன். கேட்டிருக்காதுல்ல?"

"கேக்கலத்தே. எப்ப வர்றீங்க?"

"இங்கயே பழகிடுச்சு. ஆனா ரெண்டு மாசம் வந்து இருக்கேன். கூப்பிட மாட்டீங்களான்னுதான் இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் படுத்தார். மனைவி கட்டிலில் இந்தப் பக்கம், வலது காதோரம், வந்து உட்கார்ந்து, ஆலையில் மேற்பார்வையாளர் தன் சட்டையிலேயே பட்டன் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து எல்லோரையும் திட்டிய கதையைத் தொடங்கினாள். போன வருடம் நடந்தது. அவர் முதல் பாதிவரைக்கும் கேட்டார், "அப்புறம்?" என்றுகூடக் கேட்டார், நடுவில் தூங்கிப்போனார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்து பையைத் தொப்பென்று போட்டபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.